பெண் பாதுகாப்பு பேசி வெளிநாட்டவரை விரட்டும் கட்சிக்கு, பெண்ணோடு வாழும் பெண் எப்படித் தலைவியானார்?

கோட்டையூர் வள்ளி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் முதுகலை படிக்கிறாள். எழுபதைத் தாண்டிய ஒரு விதவை அம்மாளின் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். அந்த அம்மாள் தங்கமானவர். பிளம்ஸ் பழம் வைத்துக் கேக் சுட்டால் முதல் துண்டு என் மகளுக்குத்தான். நான் இங்கிருந்து அனுப்பிய கவுனி அரிசியை வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டு மகள் கொடுத்தபோது, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

அதே அம்மாள் 2025 பிப்ரவரித் தேர்தலில், குடியேறியவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிற 'ஜெர்மனிக்கான மாற்று' கட்சிக்கு வாக்களித்திருக்கிறார். மறைக்கவும் இல்லை. "எங்கள் பெண் பிள்ளைகள் இருட்டிய பிறகு ரயில் நிலையத்துப் பக்கம் போக முடியவில்லை" என்றாராம். மகள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "உன்னைச் சொல்லவில்லை, நீ படிக்க வந்தவள்" என்று தோளில் தட்டிக்கொடுத்தாராம்.

கட்சியின் இரண்டு தலைவர்களில் ஒருவர் ஆலிஸ் வைடல். அவர் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார், இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அந்தத் துணைவி இலங்கையில் பிறந்து சுவிஸ் குடும்பத்தில் வளர்ந்தவர். கட்சியின் திட்டத்திலோ, தந்தை, தாய், குழந்தைகள் சேர்ந்ததே குடும்பம் என்று இருக்கிறது. "இது எப்படி அம்மா ஒட்டுகிறது?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. காரைக்குடியில் அச்சகம் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்! தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ராமு:

வாக்குக்காக எதையும் சொல்வார்கள் அம்மா. இங்கே கடவுள் இல்லை என்கிறவர் வீட்டில் காதுகுத்து நடப்பதில்லையா? இதில் ஆராய ஒன்றும் இல்லை. மகளை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள், இரவில் தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:

ராமு தம்பி, வாக்குக்காக என்பது சரி. ஆனால் இந்தச் சரக்கு ஏன் விலைபோகிறது என்பதல்லவா கேள்வி? முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன்.

வள்ளி, 2017 தேர்தலில் அந்தக் கட்சி ஒட்டிய இரண்டு சுவரொட்டிகளை மகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் நீச்சலுடையில் பெண்கள் திரும்பி நிற்கிறார்கள். "புர்காவா? எங்களுக்குப் பிகினிதான் பிடிக்கும்" என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி. "புதிய ஜெர்மானியரா? நாங்களே உண்டாக்கிக்கொள்வோம்." ஒரே கட்சி, ஒரே தேர்தல். முதல் படத்தில் பெண் விருப்பம்போல் உடுத்துகிற சுதந்திரம் உள்ளவள். இரண்டாவது படத்தில் இனத்துக்குப் பிள்ளை பெற்றுக் கொடுக்க வேண்டியவள். இரண்டும் முரண் என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கு இல்லை. இரண்டு படத்திலும் அவள் அவர்களுடைய வயலின் வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவன் யார் என்று காட்டுவதுதான் அவள் வேலை. அவள் எந்த உடையில் நின்றால் என்ன?

வைடல் அம்மையாரும் அப்படித்தான். 2018 மே மாதம் நாடாளுமன்றத்தில் நின்று, புர்காக்கள், முக்காடு போட்ட சிறுமிகள், அரசு செலவில் சாப்பிடும் கத்திக்காரர்கள் என்று ஒரே மூச்சில் அடுக்கினார். சிறுமிகளையும் கத்திக்காரர்களையும் ஒரே கூடையில் போட்டதற்காக அவைத் தலைவர் கண்டித்தார். 2023இல் ஒரு பேட்டியில் தாம் பால்புதுமையர் ('குயர்') இல்லை என்றும், இருபது வருடமாகத் தெரிந்த ஒரு பெண்ணை மணந்திருப்பவர் மட்டுமே என்றும் சொன்னார். அதாவது, என் வாழ்க்கை என் சொந்த விஷயம், அதைக் கொடியாக்காதே, உன் உரிமைப் போராட்டத்தில் என்னைச் சேர்க்காதே. கட்சிக்கும் அது வசதி. "எங்களைப் பிற்போக்கு என்கிறீர்களே, எங்கள் தலைவியைப் பாருங்கள்" என்று காட்டலாம். திட்டத்தில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம்.

இதை முன்பே செய்து காட்டியவர்கள் நெதர்லாந்தின் டச்சுக்காரர்கள். பிம் ஃபோர்டைன் என்பவர் தம்மை ஓரினச் சேர்க்கையாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். இஸ்லாம் பிற்பட்ட பண்பாடு, எங்கள் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று பேசியே வளர்ந்தார். 2002 மே 6 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் குடியேறியவர் இல்லை, டச்சு விலங்குரிமை ஆர்வலர். ஒன்பது நாள் கழித்து நடந்த தேர்தலில் அவர் கட்சிக்கு 150இல் 26 இடங்கள். அதன் பிறகு 2006இல், அந்த நாட்டுக்குக் குடிவர விரும்புகிறவர்களுக்கு ஒரு படம் காட்டினார்கள். இரண்டு ஆண்கள் முத்தமிடுவதும் கடற்கரையில் மேலாடையில்லாத ஒரு பெண்ணும் அதில் வருவார்கள். இதைப் பார்த்து முகம் சுளித்தால் நீ எங்கள் நாட்டுக்கு லாயக்கில்லை என்று பொருள். நம் ஊரில் எத்தனை பேர் அந்தப் பரீட்சையில் தேறுவார்கள்? நானே தேறுவேனா என்பது சந்தேகம்.

கிழக்கே ஹங்கேரிக்குப் போனால் எல்லாம் தலைகீழ். அங்கே பிரதமர் விக்டர் ஆர்பானின் அரசு நான்கு பிள்ளை பெற்ற தாய்க்கு வாழ்நாள் முழுதும் வருமான வரி இல்லை என்றது. 2018இல் பாலினவியல் படிப்பை நீக்கியது. 2021இல் ஓரினச் சேர்க்கை பற்றிச் சிறுவர்களுக்குச் சொல்வதைத் தடுத்தது. நெதர்லாந்தில் ஓரினச் சேர்க்கையாளரைக் காக்க அந்நியரைத் தடுக்க வேண்டும். ஹங்கேரியில் குடும்பத்தைக் காக்க அந்நியரையும் ஓரினச் சேர்க்கையாளரையும் சேர்த்துத் தடுக்க வேண்டும். மாறாமல் இருப்பது அந்நியர் மட்டும்தான்.

சரி, ஐரோப்பாவை விடுங்கள். இது நமக்குப் புதுக் கதையா? நம் செட்டிநாட்டுப் பாட்டன்மார் வட்டித் தொழிலுக்குக் கொண்டுவிற்கப் போன பர்மாவில் (இன்றைய மியான்மர்) நம்மைப் பற்றியே சொன்ன கதைதானே!

1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். அதிலும் பெரும்பாலோர் தனி ஆண்கள். நம்மவர் மூன்று வருடக் கணக்குக்குப் போவார்கள், பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே வளவில். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கையில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த நிலம் 1938இல் 25 விழுக்காடானது. வயல் போனவனுக்கு ஆத்திரம் வராதா? ஆனால் அந்த ஆத்திரம் வட்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை, பெண்ணைப் பற்றியும் பேசியது. பத்திரிகைகளில், மேடைகளில், "நம் பெண்களை வந்தேறிகள் கட்டிக்கொள்கிறார்கள், மதம் மாற்றுகிறார்கள், பிறகு கைவிட்டுக் கப்பலேறிவிடுகிறார்கள்" என்றார்கள். 1938 ஜூலையில் ரங்கூனில் பெருங்கலவரம். ஒரு முஸ்லிம் எழுதிய புத்தகத்தைக் காட்டித்தான் தொடங்கியது, பிறகு இந்தியர் கடைகள் பல எரிந்தன. விசாரித்த குழுவே, இந்தத் திருமணப் பிரச்சினை மக்கள் மனத்தில் புகைந்துகொண்டிருந்தது என்று எழுதியது. அடுத்த வருடமே, 1939இல், பௌத்தப் பெண்களின் திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் தனிச் சட்டம் வந்தது.

அதே சட்டத்தைத் தூசு தட்டி 2015இல் மறுபடி கொண்டுவந்தார்கள், இம்முறை ரோஹிங்கியாக்களையும் மற்ற முஸ்லிம்களையும் குறிவைத்து. அதற்கு முந்தின வருடம் மாண்டலேயில், ஒரு பௌத்தப் பெண்ணை முஸ்லிம்கள் கெடுத்துவிட்டதாக ஃபேஸ்புக்கில் பரவிக் கலவரமாகி இரண்டு பேர் செத்தார்கள். புகார் பொய் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஜெர்மன் அம்மாள் உங்கள் மகளிடம் "உன்னைச் சொல்லவில்லை" என்றாரே, ரங்கூன் மொகல் தெருவில், என் அப்பாவைப் பெற்ற ஐயாவிடமும் பர்மியச் சிநேகிதர்கள் அப்படித்தான் சொன்னார்களாம். "செட்டியாரே, உங்களைச் சொல்லவில்லை."

குன்றக்குடியான்:

ஆச்சி சொல்வது எல்லாம் சரி, ஆனால் ஒருபக்கமாக இருக்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் 2015 டிசம்பர் 31 இரவு நடந்தது பொய்யா? ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள், அவற்றில் பல பெண்களைத் தொட்டுச் சீண்டிய புகார்கள், சந்தேகிக்கப்பட்டவர்களில் பலர் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். இங்கிலாந்தில் ராதரம் நகரில் 1,400 பிள்ளைகள் சீரழிக்கப்பட்டதாக அந்த நகராட்சியே அமர்த்திய விசாரணையின் அறிக்கை சொல்லவில்லையா? இதைச் சொன்னால் இனவெறி என்றால் எப்படி? நானும் இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவன். இங்கே கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து ஆட்கள் வந்து நிறைகிறார்கள். நானும்தான் பயப்படுகிறேன்.

அப்புறம், பர்மாவை இதில் இழுக்க வேண்டாம். நம்மவர்கள் வட்டி வாங்கினார்கள், கோயில் கட்டினார்கள், ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். யார் வீட்டுப் பெண்ணையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அந்த ஒப்பீடு எனக்குப் பிடிக்கவில்லை.

பெர்ன் வாசி:

நான் யாழ்ப்பாணத்தவள். செட்டிநாட்டுக்கும் எனக்கும் உறவு, உங்கள் குழுவில் பலகாரச் செய்முறை தேடி வந்ததுதான். 1980களின் பிற்பகுதியில் என் அண்ணன் இங்கே சுவிட்சர்லாந்துக்கு அகதியாக வந்தபோது, பத்திரிகைகளில் "தோல் சட்டை போட்ட தமிழர்கள்" என்று எழுதுவார்கள். ஹெரோயின் விற்பவர்கள், ரயில் நிலையத்தில் கூட்டமாக நிற்பவர்கள், பெண்களை முறைப்பவர்கள். அண்ணன் நின்றது உண்மைதான். வேலை செய்ய அனுமதி இல்லாத மாதங்களில் வேறெங்கே நிற்பது? குளிருக்கு அந்த மண்டபம் மட்டும்தான் இலவசம். இன்று அதே பத்திரிகைகள் தமிழர்களை ஒழுக்கத்துக்கு உதாரணம் காட்டுகின்றன. இப்போது நிற்பவர்கள் எரித்திரியர்கள். "தோல் சட்டை" என்பதை மட்டும் மாற்றினால் கட்டுரையை அப்படியே திரும்ப அச்சிடலாம்.

பெண்ணுரிமை பற்றி ஒன்று. வெளிநாட்டவர் தொகையைப் பத்து விழுக்காட்டுக்குள் அடக்க வேண்டும் என்று 1970 ஜூன் 7 அன்று இந்த நாட்டில் பொது வாக்கெடுப்பு நடந்தது. 54 விழுக்காட்டினர் வேண்டாம் என்றதால் தப்பியது. வாக்களித்தவர்கள் முழுக்க ஆண்கள், ஏனென்றால் சுவிஸ் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடைத்ததே 1971 பிப்ரவரியில்தான். அந்தக் காலத்தில் பருவத் தொழிலாளியாக வந்த இத்தாலியர் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. களவாகக் கூட்டி வந்த பிள்ளைகளை அலமாரிக்குள் ஒளித்து வளர்த்தார்கள், 'அலமாரிப் பிள்ளைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். ஆண்களைத் தனியாக இருக்கவைத்துவிட்டு, தனியாகத் திரிகிறார்களே என்று பயந்தார்கள்.

2021இல் முகம் மூடும் உடைக்குத் தடை கேட்டு வாக்கெடுப்பு. 51.2 விழுக்காட்டில் வென்றது. அப்படி மூடுபவர்கள் நாடு முழுவதும் சில பத்துப் பேர் என்று லூசர்ன் பல்கலைக்கழகம் கணக்கிட்டிருந்தது. என் வகுப்புத் தோழிகளில் இரண்டு பேர், பெண்ணுரிமைக்காக என்று மனதாரச் சொல்லி, ஆம் என்று வாக்களித்தார்கள். அவர்களோடு இன்றும் காப்பி குடிக்கிறேன். வள்ளி அக்காவின் மகளுக்கும் அந்த அம்மாளின் கேக்கை மறுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:

குன்றக்குடித் தம்பி, கொலோனும் பொய் இல்லை, ராதரமும் பொய் இல்லை. 2014இல் வந்த ராதரம் அறிக்கை, செய்தவர்கள் என்று தெரியவந்தவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தானிய வழியினர் என்பதையும் எழுதியது, அதிகாரிகள் சிலர் இனவெறியர் பட்டம் கிடைக்கும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டதையும் எழுதியது. அதை மறைப்பவர்கள் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் துரோகம் செய்கிறார்கள். ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஏழைச் சிறுமிகளைப் போலீஸ்காரர்கள் நடத்தை கெட்டவர்களாகத்தான் பார்த்தார்கள். அதைப் பற்றி ஊர்வலம் போனவர்கள் எத்தனை பேர்?

கொலோனுக்கு முன்னால் ஜெர்மன் சட்டத்தில் பெண் "வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது, பலாத்காரமோ மிரட்டலோ இருந்தாக வேண்டும். மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்வது அங்கே குற்றமானதே 1997இல். வாய்ச்சொல் போதும் என்று சட்டத்தை மாற்றியது 2016 ஜூலையில். பெண்கள் அமைப்புகள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான். செய்தது அந்நியனாக இருந்தபோதுதான் நாட்டுக்குக் காது கேட்டது.

இங்கிலாந்தில் 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளை ஒருவன் குத்திக் கொன்றான். படகில் வந்த முஸ்லிம் அகதி என்று வதந்தி. அவன் கார்டிஃபில் பிறந்தவன். அதற்குள் மசூதியைத் தாக்கி, அகதிகள் தங்கிய விடுதிக்குத் தீ வைத்தாகிவிட்டது. "எங்கள் பிள்ளைகளைக் காக்க" என்றுதான் கோஷம். அந்தக் கலவரத்தில் கைதானவர்களில் ஐந்தில் இருவர் மீது ஏற்கெனவே வீட்டு வன்முறைப் புகார் இருந்ததாகப் போலீஸ் தந்த விவரத்திலிருந்தே பிறகு தெரிந்தது. உங்கள் பயத்தை நான் கேலி செய்யவில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோ பரவியபோது, இங்கே டைல்ஸ் ஒட்ட வந்திருந்த பையன்கள் நான்கு பேர் இரவோடு இரவாக மூட்டை கட்டியதும் எனக்குத் தெரியும். அவர்களும் நம்மைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

இனி பர்மா. "ஏறெடுத்துப் பார்த்ததில்லை" என்றீர்கள். எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஐயாவின் ரங்கூன் பேரேடு ஒன்று இருக்கிறது. துணி அட்டை, ஓரம் செல்லரித்தது. பலசரக்குச் செலவுக்குக் கீழே, மாதம் தவறாமல், 12 ரூபாய். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் எழுதியிருக்கும். பர்மியப் பெண்களின் பெயருக்கு முன்னால் வருகிற 'மா' என்று தொடங்கும் ஒரு பெயர், மீதி எழுத்தைப் பூச்சி தின்றுவிட்டது. சில மாதங்களில் பக்கத்தில் "துணி 3" என்று தனியாக. விஷு வருடம் மார்கழியோடு அந்த வரி நின்றுவிட்டது. ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்த மாதம் அது, 1941 டிசம்பர். ஐயா நடந்தே வந்து சேர்ந்தார்.

அப்பத்தாவுக்குத் தெரியுமா என்று என் தாயாரிடம் ஒருமுறை கேட்டேன். "பலசரக்குக் கணக்கை அப்பத்தா பார்க்காமல் விட்டதில்லை" என்று மட்டும் சொன்னார். அந்த 'மா'வுக்குப் பிள்ளை இருந்ததா, தெரியாது. இருந்திருந்தாலும் நகரத்தாரின் ஒன்பது கோயிலில் எந்தக் கோயிலிலும் புள்ளி, அதாவது நம்மவர் குடும்பம் என்ற கணக்கு, கிடைத்திருக்காது. நாமும்தான் பெண்ணை வைத்து வேலி போட்டுக்கொண்டவர்கள். ஐயா நல்லவர். அவரைப் போன்றவர்களைப் பற்றிப் பர்மியப் பத்திரிகைகள் எழுதியதில் பாதி அபாண்டம். மீதிப் பாதி அந்தப் பன்னிரண்டு ரூபாய். அதை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான இந்தியரைப் பர்மாவிலிருந்து நடக்கவிட்டது நியாயம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்றால் கொலோனை வைத்தும் ஒப்புக்கொள்ளக் கூடாது. அந்த 'மா' என்ன நினைத்தாள் என்று 1939 சட்டம் கொண்டுவந்தவர்களும் கேட்கவில்லை, எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை.

குன்றக்குடியான்:

ஆச்சி, யோசிக்க வேண்டியிருக்கிறது. என் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

கோட்டையூர் வள்ளி:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி எழுதியதை அப்படியே மகளுக்கு அனுப்பினேன். அவள் இரவு வெகுநேரம் பேசினாள். அந்த இரண்டு சுவரொட்டிகளையும் தேடி எடுத்துவிட்டாளாம். வீட்டுக்கார அம்மாளிடம் காட்டியிருக்கிறாள். பிகினிப் படத்தைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கர்ப்பிணிப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அவருக்குப் பிள்ளை இல்லை என்பது மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஆச்சி, அந்தப் பேரேட்டுப் பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? மகள் கேட்கிறாள்.

பள்ளத்தூர் ஆச்சி:

என் கைபேசியில் எடுத்தால் எழுத்து தெரியவில்லை அம்மா, அந்தக் கட்டில் வெளிச்சம் குறைவு. மகள் லீவுக்கு வரும்போது அழைத்து வாருங்கள், முற்றத்தில் வைத்துப் பார்க்கலாம். பிள்ளையார் நோன்பு வாரத்தில் வேண்டாம், வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் அந்தப் பேரேட்டை நான் எடுப்பதில்லை.